சிம்லாவில் தூரத்தை மீட்டரில் அளக்காதீர்கள்

தில்லியில் மே மாதம் பிறந்துவிட்டால் நம்மவர்களிடமிருந்து எனக்கு வருவதெல்லாம் மலைக் கேள்விகள்தான். இந்த முறை பெரும்பாலும் சிம்லா. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில்.

அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. மூன்று நாள் தங்க எந்தப் பக்கம் ரூம் போடலாம்? (மயூர் விஹார் வாசகி)

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சிம்லா அடுக்கடுக்கான ஊர். கீழே கார்ட் ரோடு, அங்கேதான் பஸ்ஸும் டாக்ஸியும். அதற்கு மேலே மால் ரோடு, வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. அதற்கும் மேலே ரிட்ஜ் மைதானம். மேப்பில் 'மால் ரோட்டிலிருந்து 300 மீட்டர்' என்று காட்டும். அந்த 300 மீட்டர் முழுக்கப் படிக்கட்டாக இருக்கலாம்! நான் ஒருமுறை 'ஐந்து நிமிட நடை' என்ற விளம்பரத்தை நம்பி ஒரு விடுதியில் ரூம் போட்டேன். இறங்க ஐந்து நிமிடம் ஆனது, உண்மைதான். ஏற இருபத்தைந்து நிமிடம். என் மாமியார் நடுவழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "இனி என்னைத் தூக்கிக்கொண்டுதான் போகணும்" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்ஸி நிற்கிற இடத்திலிருந்து ரூம் வரைக்கும் எத்தனை படி?" வாசலிலேயே வண்டி வந்து நிற்கிற மாதிரி, கார்ட் ரோட்டில் லிஃப்ட் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தங்குவது உங்களுக்கு நல்லது. அங்கிருந்து மால் ரோட்டுக்குச் சுற்றுலாக் கழகத்தின் லிஃப்ட் இரண்டு கட்டமாக ஏற்றிவிடும், கட்டணம் சொற்பம். சாயங்காலம் அம்மாவை மேலே கூட்டிப்போய் ரிட்ஜில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தால் போதும். எதிரே 1857-இல் வழிபாட்டுக்கு வந்த கிறைஸ்ட் சர்ச், ஒரு பக்கம் மலைத்தொடர். அவர் உட்கார்ந்திருக்கும் அந்த மைதானத்துக்கு அடியில்தான் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் பழைய நீர்த்தொட்டி இருக்கிறது. இதைச் சொன்னால் நம்பவே மாட்டார். பெட்டிகளை நீங்கள் தூக்க வேண்டாம். காஷ்மீரிலிருந்து வந்து வேலை செய்யும் சுமைகூலிகள் கார்ட் ரோட்டிலேயே இருப்பார்கள், கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஊட்டி ரயில் பார்த்தாயிற்று. கால்கா–சிம்லா ரயிலும் அதே மாதிரிதானே? (ஜனக்புரி வாசகர்)

இல்லை. ஊட்டி ரயில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாக ஏறுகிறது. சிம்லா ரயிலுக்குப் பல்சக்கரம் கிடையாது. அதனால் மலையைச் சுற்றிச் சுற்றி வளைந்துதான் ஏற வேண்டும். சுமார் 96 கிலோமீட்டர் போக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1903-இல் திறந்த பாதை, நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள், தண்டவாள அகலம் இரண்டரை அடிதான். நீலகிரி ரயில் 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது, இது 2008-இல். மிக நீளமான குகை பரோக் நிலையத்தை ஒட்டி இருக்கிறது, 1,143 மீட்டர். உள்ளே போனதும் பெட்டியில் இருக்கும் குழந்தைகள் எல்லாம் கத்தும். பெரியவர்களும் கத்துவார்கள், நானும்தான்.

காலையில் புது தில்லியில் கால்கா சதாப்தி ஏறினால் மதியவாக்கில் கால்கா. அதை ஒட்டி ஒரு மலை ரயில் கிளம்பும். இரண்டுக்கும் சேர்த்தே முன்பதிவு செய்யுங்கள். மே, ஜூனில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். போகும்போது ரயில், திரும்பும்போது பஸ் என்று வைத்துக்கொண்டால் அலுப்பு தெரியாது.

மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம். 2023 ஆகஸ்டில் சம்மர் ஹில் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண் முழுக்க அடித்துப்போய், தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

கட்டடங்களில் ஆர்வம். ஒரே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால்? (ஆர்.கே. புரம் வாசகர்)

வைஸ்ராயின் மாளிகை. யோசிக்கவே வேண்டாம். 1888-இல் டஃப்ரின் பிரபு காலத்தில் முடிந்த கட்டடம். வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். பெயர் கேட்ட மாதிரி இருக்கிறதா? சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில் இவர் கை உண்டு, மைசூர் அரண்மனையும் இவர்தான். ஆனால் பாரிமுனையில் பார்த்த சிவப்புச் செங்கலையும் குவிமாடத்தையும் இங்கே தேடாதீர்கள். சாம்பல் நிறக் கல்லில், ஸ்காட்லாந்துக் கோட்டை மாதிரி நிற்கும். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். மூன்று மாடி உயரத்துக்கு மரவேலைப்பாடு, பர்மாத் தேக்கு உட்பட.

1945-இல் வைஸ்ராய் வேவல் பிரபு இந்தியத் தலைவர்களை அழைத்துக் கூட்டிய சிம்லா மாநாடு நடந்தது இங்கேதான், ராஜாஜியும் வந்திருந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு குடியரசுத் தலைவரின் மாளிகையாக இருந்ததை, ஆராய்ச்சிக்கென்று விட்டுக்கொடுத்தவர் ராதாகிருஷ்ணன். 1965 முதல் இந்திய உயராய்வு நிறுவனம் அங்கே நடக்கிறது. அந்தக் கட்டடம் முடிந்த 1888-இல்தான் அவர் திருத்தணியில் பிறந்தார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த ஒற்றுமை.

திங்கட்கிழமை விடுமுறை. டிக்கெட் வாங்கினால் வழிகாட்டியோடு சில அறைகளை மட்டும் காட்டுவார்கள். பிறகு தோட்டத்தில் ஒரு மணி நேரம் சும்மா நடங்கள். இன்னும் நேரம் மீந்தால், மால் ரோட்டில் கெயிட்டி தியேட்டர். 1887, அதுவும் இர்வின்தான்.

குதிரைச் சவாரிக்குப் பேர்போன பக்கத்து ஊர் குஃப்ரி போகலாமா?

குதிரைச் சாணி வாசனை பிடிக்கும் என்றால் போகலாம். நானாக இருந்தால் அந்த அரை நாளைச் சிம்லாவுக்குப் பக்கத்து ஊரான மஷோப்ராவில் தேவதாரு மரங்களுக்கு நடுவே நடந்து கழிப்பேன். குடியரசுத் தலைவரின் ஓய்வு இல்லமும் அங்கேதான் இருக்கிறது, 2023 முதல் பொதுமக்களும் பார்க்கலாம்.

ஜாக்கூ கோயிலில் குரங்குத் தொல்லை அதிகமாமே? (கரோல் பாக் வாசகி)

ஆமாம், மூக்குக்கண்ணாடி என்றால் அதுகளுக்கு உயிர். ஊரின் மிக உயர்ந்த இடம், 108 அடி அனுமார் சிலை, கட்டாயம் போக வேண்டிய கோயில். கண்ணாடியைப் பைக்குள் வைத்து ஜிப் போட்டுவிடுங்கள், கீழே வாடகைக்குத் தரும் குச்சியை வாங்கிக்கொள்ளுங்கள். என் கண்ணாடி போனபோது பக்கத்துக் கடைப் பையன் ஒரு பொட்டலம் பொரிகடலையை வீசினான். குரங்கு கண்ணாடியைப் போட்டுவிட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டது. பையன் அந்தப் பொட்டலத்துக்கும் காசு வாங்கிக்கொண்டான்! ஏற முடியாதவர்களுக்கு ரோப்வே இருக்கிறது.

மூன்று நாள் பரோட்டாவும் ராஜ்மாவும்தானா? (முனிர்க்கா வாசகர்)

தில்லியில் இருந்துகொண்டு ராஜ்மாவை இப்படிச் சொல்லலாமா? சரி, சித்தூ கேளுங்கள். புளித்த கோதுமை மாவுக்குள் உளுந்தோ வால்நட்டோ வைத்து ஆவியில் வேகவைத்தது. நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். நான்காக வெட்டி, மேலே சூடான நெய் ஊற்றித் தருவார்கள். ஆறவிட்டால் ரப்பர், உடனே தின்ன வேண்டும். அப்புறம் தயிரில் கொண்டைக்கடலை போட்டுச் செய்யும் மத்ரா. சோற்றில் பிசைந்தால் மோர்க்குழம்பு நினைப்பு வரும். ஊர்க் கல்யாணத்தில் என்றால் தரையில் பந்தி, இலையில் சோறு, எல்லாம் நம்மைப் போலவேதான்.

அதே மூன்று நாளில் மணாலியும் சேர்க்கலாமா?

வேண்டாம். இரண்டுக்கும் நடுவே 250 கிலோமீட்டர் மலைப் பாதை. வண்டியின் ஜன்னலைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.