வார்டர்களின் பயமும் சிறைக்குள் எச்.ஐ.வி. மருத்துவமும்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சிறைப் பணியில் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி: எங்கள் சிறையில் மெத்தடோன் கொடுக்கப் போகிறார்கள். "போதைப்பித்தனுக்கு அரசாங்கமே போதை ஊற்றுகிறது" என்று கூட வேலை செய்பவர்கள் கொதிக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. எச்.ஐ.வி.க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? (வார்டர்)

பதில்: ஊசிதான் சம்பந்தம். சிறைக்குள் ஊசி கிடைப்பது அரிது. அதனால் கிடைத்த ஒன்றையே பலர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். எச்.ஐ.வி. அதில்தான் பரவுகிறது. மெத்தடோன், ஹெராயின் போன்ற போதைக்குப் பதிலாக வாயால் குடிக்கும் மருந்து. ஒரு வேளை குடித்தால் ஒரு நாள் தாங்கும், ஊசி தேடும் அவசரம் அடங்கும். சரியான அளவில் குடிப்பவர் மயங்கிக் கிடக்க மாட்டார், பட்டறையில் வேலை செய்வார். மலேசியாவில் இது 2005இல் சிறைக்கு வெளியே தொடங்கியது. கிளந்தானின் பெங்காலான் செப்பா சிறையில் 2008இல் தொடங்கினார்கள்.

இனி உங்கள் கண்ணில் படக்கூடியவை. பொதுவாக 20 அல்லது 30 மில்லிகிராமில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார்கள். பலருக்கு 60க்கும் 120க்கும் இடையில் நிலைக்கும். மருந்து உடம்பில் நாளுக்கு நாள் சேர்வதால் முதல் இரண்டு வாரம் கவனம் தேவை. காலையில் கதவு திறக்கும்போது ஒருவர் கூப்பிட்டும் அசையாமல், மூச்சை இழுத்து இழுத்துக் குறட்டை விட்டால் "தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவ உதவியாளரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, இதில்தான் வார்டர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கியதும் சில நாட்களில் மெத்தடோனின் பலம் குறைந்துவிடும். எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸும் அப்படித்தான். கொட்டாவி, மூக்கொழுகல், உடம்பெல்லாம் புல்லரிப்பு, தூக்கமில்லாமை வரும். அவர் நடிக்கவில்லை. அளவைக் கூட்ட வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படியே விட்டால் அவர் ஊசியைத் தேடிப் போவார், "பார், மெத்தடோன் வேலை செய்யவில்லை" என்று பழி மருந்தின் மேல் விழும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் சோதனை போடும்போது கைதியின் பாக்கெட்டில் இருந்த ஊசி விரலில் குத்திவிட்டது. அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்? (வார்டரின் மனைவி)

பதில்: குத்திய இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது, குளோரோக்ஸ் போன்ற வெளுப்பு மருந்தை ஊற்றக் கூடாது. மேலதிகாரியிடம் எழுத்தில் பதிந்துவிட்டு நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அன்றைக்கே இரத்தப் பரிசோதனை, பிறகு டாக்டர் சொல்லும் தேதிகளில் மறுபடியும். முடிவு தெரியும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள்.

எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு சுமார் ஆயிரத்துக்கு மூன்றுதான். ஆனால் தடுப்பூசி போடாதவருக்கு, கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை போகும். அதற்குத் தடுப்பூசி மூன்று முறை: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். உங்கள் வீட்டுக்காரர் போட்டுக்கொண்டாரா என்று இன்றைக்கே கேளுங்கள்.

பாக்கெட்டுக்குள் கை விடவே கூடாது. கைதியையே வெளியே திருப்பச் சொல்ல வேண்டும். பையை மேசையில் கொட்ட வேண்டும், கட்டிலடியில் கண்ணாடியும் டார்ச்சும் போதும். ஊசி தென்பட்டால் இடுக்கியால் எடுத்துத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டும், ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது.

கேள்வி: யார் யாருக்கு எச்.ஐ.வி. என்ற பட்டியலை எங்களுக்கு ஏன் தருவதில்லை? எச்சில் துப்புகிறார்கள், கடிக்கிறார்கள். (வார்டர்)

பதில்: எச்சிலில் தொற்றாது. கடியில் தொற்றுவது மிக மிக அரிது, கடித்தவர் வாயில் இரத்தம் இருந்து உங்கள் தோல் ஆழமாகக் கிழிந்தால்தான் அந்தப் பேச்சே. பட்டியல் உங்களைக் காப்பாற்றாது. புதிதாகத் தொற்றியவரின் பரிசோதனை முதல் சில வாரம் எதையும் காட்டாது, பட்டியலில் இல்லாதவரிடம் நீங்கள் அசட்டையாக இருப்பீர்கள். எல்லார் இரத்தத்தையும் ஒன்றாகவே நினைத்துக் கையுறை போடுங்கள். பட்டியல் ஒரு நாள் வெளியே கசிந்தால் அடுத்த கைதி பரிசோதனைக்கே வர மாட்டார், சிகிச்சை இல்லாமல் அவர் உங்கள் பிளாக்கிலேயே இருப்பார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் அளவு பரிசோதனையில் தெரியாத நிலைக்கு வந்தவரிடமிருந்து உடலுறவிலும் தொற்றாது.

கேள்வி: நான் பொறுப்பதிகாரி. பரிசோதனை, மருந்து, மெத்தடோன் மூன்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவர வேண்டும். ஆட்கள் முகத்தைத் திருப்புகிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: கைதிகளின் உரிமையில் ஆரம்பிக்காதீர்கள். அது உண்மைதான், வெளியே கிடைக்கும் அதே தர வைத்தியம் உள்ளேயும் வேண்டும் என்று கைதிகளை நடத்தும் முறை பற்றிய ஐ.நா.வின் மண்டேலா விதிகள் 24ஆவது விதியிலேயே சொல்கின்றன. ஆனால் தன் உடம்புக்குப் பயப்படுகிறவர் காதில் அது ஏறாது. முதலில் வார்டர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி ஊசி, கையுறை, இடுக்கி, ஊசிக் காயத்துக்கு இரவிலும் போகக்கூடிய வழி. இவ்வளவும் கையில் கொடுத்த பிறகு பயிற்சி வையுங்கள்.

இரண்டாவது மனக்குறை வேலைச்சுமை, அது நியாயமானதும்கூட. மருந்து வரிசைக்கு யார், எத்தனை மணிக்கு என்று பணிப்பட்டியலிலேயே எழுதுங்கள், இருக்கிற ஆளின் தலையில் கட்டாதீர்கள். வரிசையில் ஒவ்வொருவரும் மருந்தைக் குடித்து, தண்ணீர் குடித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர வேண்டும். இதை விட்டால் வாயில் அடக்கிப் போய்த் துப்பி விற்பார்கள், முதல் வாரமே உங்கள் திட்டம் கெட்ட பெயர் வாங்கும். நோன்பு மாதத்தில் மருந்து நேரத்தை நோன்பு திறந்த பிறகுக்கு மாற்ற முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். கோர்ட்டுக்கோ வேறு சிறைக்கோ போகிறவரின் மருந்துச் சீட்டும் கூடவே போகட்டும். மெத்தடோன் மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுப்பது உயிருக்கு ஆபத்து.

கேள்வி: அடுத்த மாதம் என் மகன் வெளியே வருகிறான். உள்ளே எச்.ஐ.வி. மருந்தும் மெத்தடோனும் சாப்பிடுகிறான். (ஒரு தாய்)

பதில்: அம்மா, வருகிற சந்திப்பிலேயே கேளுங்கள்: கடைசி மெத்தடோன் அளவும் தேதியும் எழுதிய கடிதம், எச்.ஐ.வி. மருந்து ஒரு மாதத்துக்கு, எந்த அரசாங்க கிளினிக்கில் சேர வேண்டும் என்ற விவரம். வெள்ளிக்கிழமை விடுவிப்பதாக இருந்தால் சனி, ஞாயிறு மெத்தடோன் எங்கே கிடைக்கும் என்பதை அதற்கு முன்பே கிளினிக்கில் கேட்டு வையுங்கள். வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில்தான் அளவு மீறிய போதையால் அதிகம் பேர் இறக்கிறார்கள், ஏனென்றால் உடம்பு பழைய அளவைத் தாங்காது. அந்த நாட்களில் அவனைத் தனியாகத் தூங்க விடாதீர்கள். உதடு நீலமாகி மூச்சு குறைந்தால் 999க்கு அழைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.