கையில் பாவை, வாயில் கதை: வாசகர் கேள்வி பதில்

எங்கள் பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 35 பிள்ளைகள். சனிக்கிழமை 2 மணி நேரம் நிழல்பாவைப் பயிலரங்கு நடத்தப் போகிறேன். ஆளுக்கொரு பாவை செய்யச் சொல்லலாமா?
– ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

வேண்டாம். 35 பாவை என்று இறங்கினால் மொத்த நேரமும் பசையிலும் கத்தரிக்கோலிலும் போய்விடும். கடைசிப் பாவைக்குக் குச்சி கட்டும்போது மணி அடித்துவிடும். ஒரு பாவைகூட வாய் திறந்திருக்காது. பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராக 7 குழுவாகப் பிரியுங்கள். குழுவுக்கு 3 பாவை, ஆக 21 போதும். கையில் பாவை இல்லாத இருவரில் ஒருவர் கதைசொல்லி, இன்னொருவருக்கு ஓசை வேலை. கொட்டாங்குச்சி இரண்டைத் தட்டினால் குதிரை, பாலிதீன் பையைக் கசக்கினால் மழை.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். கதை சொல்ல 15 நிமிடம். பாவையே இல்லாமல் உடம்பால் நடிக்க 20 நிமிடம். பாவை செய்ய 35. ஆட்டிப் பார்க்கவும் அரங்கேற்றவும் 50. நேரம் போதாதபோது பலரும் வெட்டுவது அந்த 20 நிமிடத்தைத்தான். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். காக்கா எப்படித் தலையைச் சாய்த்துப் பார்க்கும், நரி எப்படி மெல்ல வந்து நிற்கும் என்று தன் உடம்பில் செய்து பார்க்காத பிள்ளை, பாவை கைக்கு வந்ததும் அதைக் கத்திபோல வீசிப் பக்கத்துப் பாவையோடு மோதவிடும்.

முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்குத் தடித்த அட்டையை வளைவாக வெட்ட வராது. உருவங்களை முதல் நாளே நீங்கள் வெட்டி வைத்துவிடுங்கள், அவர்கள் வண்ணம் தீட்டட்டும். துளையிடும் கோணி ஊசி எப்போதும் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும்.

எந்தக் கதையை எடுப்பது? நீதிக்கதைத் தொகுப்பு ஒன்று கையில் இருக்கிறது.
– தன்னார்வலர், மதுரை

மூன்று பாத்திரம், ஒரே இடம், திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி. இந்த மூன்றும் இருந்தால் எந்தக் கதையும் சரி. பாட்டி வடை சுட்ட கதை எல்லாருக்கும் தெரியும் என்று ஒதுக்காதீர்கள். தெரிந்திருப்பதால்தான் மனப்பாடம் தேவைப்படாது. காக்கா வாயைத் திறப்பதற்குச் சற்று முன் நிறுத்தி, “இப்ப காக்கா என்ன செய்யணும்?” என்று கேளுங்கள். காலுக்கடியில் வடையை வைத்துக்கொண்டு பாடும் காக்கா, பாட்டியைக் கூப்பிடும் காக்கா என்று குழுவுக்கு ஒரு முடிவு கிடைக்கும். நீதியை நீங்கள் சொல்லாதீர்கள்.

வேட்டியைத் திரையாகக் கட்டி 9 வாட் எல்.இ.டி. பல்பு வைத்தோம். நிழல் கலங்கலாக விழுந்தது. பிள்ளைகளின் தலையும் திரையில் தெரிந்தது. வண்ணம் எதுவும் தெரியவில்லை.
– நூலகர், தென்காசி

மூன்றும் தனித்தனிக் கோளாறு.

கலங்கலுக்குக் காரணம் ஒளி வருகிற இடத்தின் அகலம். பல்பின் வெள்ளை மூடி முழுவதும் ஒளிர்வதால் நிழலின் ஓரம் கரைந்துவிடுகிறது. டியூப் லைட் இன்னும் மோசம். கைப்பேசி டார்ச் புள்ளிபோல இருப்பதால் நிழல் கூர்மையாக விழும். அடுத்தது, பாவை திரையை ஒட்டியே இருக்க வேண்டும். நான்கு விரல் விலகினாலும் உருவம் பெருத்து மங்கும். (ராட்சதன் வரும்போது மட்டும் வேண்டுமென்றே விளக்குப் பக்கம் கொண்டு போகலாம். பிள்ளைகள் கத்திக் கூப்பாடு போடுவார்கள்.) வேட்டியை மடிக்காமல் ஒற்றை அடுக்காக, சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். கீழ் விளிம்பில் ஒரு குச்சியைச் செருகித் தொங்கவிட்டால் காற்றில் ஆடாது.

தலை தெரியாமலிருக்க விளக்கைத் திரைக்கு ஒன்றரை மீட்டர் பின்னால், திரையின் மேல் விளிம்பை விடச் சற்று உயரத்தில் கட்டிக் கீழ்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். பிள்ளைகள் திரையின் அடி விளிம்புக்குக் கீழே தலை இருக்கும்படி உட்கார்ந்து, பாவையை மேலே தூக்கிப் பிடிக்கட்டும். அப்போது தலையின் நிழல் தரைப் பக்கம் போய்விடும்.

வண்ணத்துக்கு அட்டை உதவாது, அது ஒளியை அடைத்துவிடும். வெள்ளைப் படத்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து, வெட்டி, பஞ்சில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு இருபுறமும் தடவுங்கள். அரை மணி கழித்துப் பழைய செய்தித்தாளில் ஒற்றியெடுங்கள். இழைகளுக்கிடையில் எண்ணெய் ஊறிய தாள் ஒளியை உள்ளே விடும்; சிவப்புப் புடவை திரையில் சிவப்பாகவே எரியும். இங்கே பலரும் சறுக்குவது வரிசையில்தான். எண்ணெய் தடவிய தாளில் செலோடேப் ஒட்டவே ஒட்டாது, ஆட்டத்தின் நடுவில் குச்சி கழன்றுவிடும். அதனால் குச்சியை முதலில் வைத்து ஊசி நூலால் இரண்டு மூன்று இடத்தில் தைத்துவிட்டு, பிறகு எண்ணெய் தடவுங்கள். குச்சி தலையிலிருந்து கால் வரை ஓடி, கீழே ஒரு சாண் நீண்டிருக்க வேண்டும். தனி ஈர்க்கு வளையும். மூன்றைச் சேர்த்துக் கட்டுங்கள்.

கை அசைய வேண்டுமானால் தோளில் துளையிட்டு நூல் கோத்து, இருபுறமும் முடிச்சுப் போடுங்கள். முடிச்சுக்கும் தாளுக்கும் நடுவே ஓர் அரிசி அளவு இடம் விடுங்கள். இறுக்கினால் கை தூக்கிய இடத்திலேயே நின்றுவிடும். ஒரு பாவைக்கு ஒரு கை அசைந்தால் போதும்.

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வாயே திறப்பதில்லை. மேடையேற்றினால் அழுகிறாள்.
– பெற்றோர், கோவை

மேடையேற்ற வேண்டாம், திரைக்குப் பின்னால் உட்கார வையுங்கள். முகம் யாருக்கும் தெரியாத இடம் அது. முதல் வாரம் மழை ஓசை மட்டும் அவள் பொறுப்பு. அடுத்த வாரம் பாவையை அவள் ஆட்டட்டும், குரலை வேறு பிள்ளை கொடுக்கட்டும். பாவை அவள் காதில் ஏதோ கேட்பதுபோலவும், அவள் பாவையின் காதில் பதில் சொல்வதுபோலவும் விளையாடுங்கள். என்ன சொன்னாய் என்று உரக்கச் சொல்லச் சொல்லாதீர்கள். “சத்தமா, இன்னும் சத்தமா” என்ற அதட்டலே பல பிள்ளைகளின் வாயை அடைக்கிறது. மூன்றாம் வாரமும் பேசாவிட்டால் மழை ஓசையிலேயே இருக்கட்டும், அதுவும் நாடகம்தான்.

மரபுக் கலைஞர்களை அழைக்க ஆசை. பொம்மலாட்டமா, தோல்பாவைக்கூத்தா?
– தலைமையாசிரியர், நாகர்கோவில்

பொம்மலாட்டம் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து மரப்பாவைக் கலை. பாவை நாலரை அடி உயரமும் பத்து கிலோ எடையும் வரை இருக்கும். கயிறுகள் கலைஞரின் தலையிலுள்ள இரும்பு வளையத்தில் கட்டியிருக்கும், கைகளைக் கம்பியால் இயக்குவார். பிள்ளைகள் பார்த்து வியக்கலாம், தூக்க முடியாது. உங்கள் ஊருக்குத் தோல்பாவை பொருந்தும். ஆட்டுத்தோலை ஒளி ஊடுருவும்படி பதப்படுத்திச் சாயமேற்றிய பாவைகள் அவை. எண்ணெய்த் தாள் செய்த பிள்ளைகளுக்கு உடனே புரியும். இராமாயணம் முழுவதையும் எதிர்பார்க்காதீர்கள். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வரும் நகைச்சுவைப் பகுதியை முக்கால் மணி நேரம் நடத்தித் தரச் சொல்லுங்கள். முடிந்ததும் ஐந்தைந்து பேராகத் திரைக்குப் பின்னால் வர அனுமதி கேளுங்கள். பழைய பாவை ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கட்டும். இதைக் கலைஞரிடம் முன்கூட்டியே பேசி, அந்தக் கூடுதல் நேரத்துக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுங்கள்.