ஆடிக் காற்றும் ஆபீஸ் சைக்கிளும்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் ஒருவர், காரை விட்டுவிட்டு சைக்கிளில் வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாகப் போங்கள் என்று இரண்டு வரியில் முடித்திருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேரள எல்லைப் பக்கத்திலிருந்து. காலையில் ஒரு மாநிலம், ராத்திரி இன்னொரு மாநிலம் என்று வாழ்கிறவர்களுக்கு இரண்டு வரி போதாது போலிருக்கிறது. ஆகவே இந்த முறை முழுக்க சைக்கிள்.

கேள்வி: கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி கேரளப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். பொள்ளாச்சியில் வேலை. ஜூன் மாதத்திலிருந்து காரை நிறுத்திவிட்டு கியர் சைக்கிளில் போகிறேன். காலையில் ஜோராகப் போகிறது, சாயங்காலம் திரும்பும்போது உயிர் போகிறது. எனக்கு 44 வயது. வயசுக் கோளாறா, வேலைக் களைப்பா, வண்டிக் கோளாறா? கடைக்காரர் இன்னும் விலை கூடின வண்டிக்கு மாறச் சொல்கிறார்.
(சித்தூர் தாலுகா வாசகர்)

பதில்: மூன்றும் இல்லைங்க, காற்று. நீங்கள் குடியிருப்பது பாலக்காட்டுக் கணவாய்க்குள். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத இடைவெளி. அரபிக்கடலிலிருந்து வருகிற தென்மேற்குப் பருவக்காற்றைப் பல இடங்களில் மலை தடுத்துவிடுகிறது. இங்கே ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அது நேராக உள்ளே புகுந்து கிழக்கே பாய்கிறது. உடுமலை, பல்லடம், கேத்தனூர் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பதே இதை நம்பித்தான். காலையில் நீங்கள் கிழக்கே போகிறீர்கள், காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது, நம் கால் பலம்தான் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக மிதிக்கிறீர்கள். சாயங்காலம் அதே காற்று நெஞ்சுக்கு நேராக வருகிறது, அதுவும் மத்தியான வெயிலுக்குப் பிறகு இன்னும் வேகம் பிடித்து.

இதில் வேடிக்கை என்னவென்றால் நிலத்தின் சரிவு உங்களுக்கு நேர் எதிராக இருக்கிறது. ஆழியாறு மேற்கே ஓடித்தானே பாரதப்புழையில் கலக்கிறது, அப்படியென்றால் பொள்ளாச்சிக்குப் போவது லேசான ஏற்றம், வீட்டுக்குத் திரும்புவது லேசான இறக்கம். ஏற்றத்தில் சுலபமாகப் போய் இறக்கத்தில் திணறுகிறீர்கள் என்றால் அந்தக் காற்றுக்கு எவ்வளவு பலம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணக்காகவே சொல்கிறேன்: காற்றுத் தடை வேகத்தின் வர்க்கப்படி ஏறும், அதாவது வேகம் ரெண்டு மடங்கானால் தடை நாலு மடங்கு. காற்றே இல்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும்போது இருக்கிற தடை, எதிரே இன்னொரு 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் நாலு மடங்காகிவிடும். இதை நாற்பதாயிரம் ரூபாய் வண்டி மாற்றிவிடாது. கைப்பிடியைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கி, உடம்பைக் கொஞ்சம் குனிந்து வைத்தால் ஓரளவு மாறும், அது இலவசம். கடைக்காரருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம், திரும்பும்போது மெயின் ரோட்டையே பிடிக்காமல் தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகிற ஊர் ரோடுகளைப் பாருங்கள். ரெண்டு கிலோமீட்டர் கூடினாலும் தோப்பு காற்றை வாங்கிக்கொள்ளும், ஜல்லி ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டுகிற டிப்பர் லாரிகளும் உங்களை உரசாது. கனமான கியரில் போட்டு அழுத்துவதை விட்டுவிட்டு, லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள், முட்டி பிழைக்கும். சீட் உயரத்தையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழே கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும், அப்போதுதான் முன்பாதத்தில் மிதிக்கும்போது முட்டி சின்னதாக மடங்கி நிற்கும். நம் ஊரில் தரையில் ரெண்டு காலும் பதிகிற மாதிரி சீட்டை இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு முட்டி வலிக்கிறது என்று எண்ணெய் தேய்க்கிறவர்கள்தான் அதிகம்.

டிசம்பர், ஜனவரியில் எல்லாம் தலைகீழாகும். காற்று கிழக்கிலிருந்து வரும், காலையில் எதிர்க்காற்று, சாயங்காலம் வீடு வரைக்கும் தள்ளுகாற்று. அதுவரைக்கும் ஆடியில் அம்மியே பறக்கிறது என்கிறார்கள், நீங்கள் எதற்குத் தினமும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்? ஆடி மாசத்தில் வாரத்துக்கு ரெண்டு நாள் சைக்கிள், மற்ற நாள் பஸ்ஸோ காரோ. ஐந்து நாளும் மிதித்தால்தான் சைக்கிள்காரன் என்று எந்தச் சட்டமும் கிடையாது. சைக்கிளை வாங்கி மூன்றாவது வாரமே மாடிப்படிக்கு அடியில் சாய்த்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், முக்கால்வாசிப் பேர் முதல் வாரத்திலேயே தினமும் போவேன் என்று வீட்டில் சபதம் போட்டவர்கள்.

பெட்ரோல் மிச்சத்தைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். போகவர 30 கிலோமீட்டர், கார் லிட்டருக்கு 15 கொடுக்கும் என்று வைத்தால் ஒரு நாளுக்கு ரெண்டு லிட்டர், இன்றைய விலையில் 200 ரூபாய்க்கு மேல். வாரம் ரெண்டு நாள் என்றாலே மாசத்துக்கு ஆயிரத்து அறுநூறைத் தொடும். கேரள விலையைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைகிறது என்று தமிழ்நாட்டுப் பக்கம் வந்து டேங்கை நிரப்புகிற உங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்கத் தேவையில்லை.

கேள்வி: சைக்கிளில் தினமும் மாநில எல்லையைத் தாண்டினால் ஏதாவது பாஸ், வரி உண்டா? பேட்டரி சைக்கிள் என்றால்?
(வேலந்தாவளம் வாசகர்)

பதில்: சாதா சைக்கிளுக்கு எதுவும் இல்லை. அது மோட்டார் வாகனமே இல்லையே, ஆர்.சி., இன்ஷூரன்ஸ், லைசென்ஸ் என்று எதைக் கேட்பார்கள்? கார் என்றால் ஒரு மாநிலத்தில் பதிவு செய்ததை இன்னொன்றில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், எல்லையோரத்தில் வீடு மாறுகிறவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். பேட்டரி சைக்கிளில் மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் அதுவும் மோட்டார் வாகனக் கணக்கில் வராது, பதிவும் லைசென்ஸும் வேண்டாம். ஆனால் 'வேகத்தைக் கட்டுப்படுத்துகிற லாக்கை எடுத்து நாற்பதில் ஓட வைத்துத் தருகிறேன்' என்கிற மெக்கானிக்கிடம் போகாதீர்கள். எடுத்த அன்றைக்கே அது பதிவில்லாத மோட்டார் வண்டி, விபத்து நடந்தால் சிக்கல் உங்களுக்குத்தான். மேலே ஒருவர் காற்றோடு அல்லாடுகிறாரே, அவருக்கும் ஒருவேளை இதுதான் சரியோ என்று இப்போது தோன்றுகிறது.

கேள்வி: களியக்காவிளைப் பக்கம் வீடு, பாறசாலையில் ஒரு ஸ்கூலில் டீச்சராக இருக்கிறேன். நாலைந்து கிலோமீட்டர்தான். வீட்டுக்காரர் காரில் கொண்டு விடுகிறார், அதற்கே நெரிசலில் அரை மணி நேரம். மகளுக்குப் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் சும்மா நிற்கிறது. அதை எடுத்தால் என்ன என்று கேட்டால், 'டீச்சரம்மா சேலை கட்டிக்கொண்டு சைக்கிளா' என்று மாமியார் உட்பட எல்லோரும் சிரிக்கிறார்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத டீச்சர்)

பதில்: டீச்சர், சிரிப்பு ஒரு வாரம் இருக்கும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார், எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வயல்வேலை செய்கிறவர்கள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் சேலையோடுதான் ஓட்டினார்கள். அப்போது சிரித்த ஆண்களும் பிறகு தண்ணீர்க் குடத்தை அதே சைக்கிளில் கட்டி அனுப்பினார்கள். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், கேட்கவில்லை என்றால் சொல்லாமலே கிளம்புங்கள்.

அரசு சைக்கிளைக் குறைத்து எடைபோடாதீர்கள். மேல்கம்பி இல்லாத, நிமிர்ந்து உட்காருகிற லேடீஸ் மாடல்தான் நாலு கிலோமீட்டருக்கு மிகவும் பொருத்தம். நிற்க வைத்த வண்டி என்பதால் டயர், ட்யூப், பிரேக் கட்டை மூன்றையும் பார்த்து மாற்றச் சொல்லுங்கள், செயினுக்கு எண்ணெய் விடச் சொல்லுங்கள். பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க வலை மாதிரி ஒரு கார்டு போடுவார்கள், செயின் கவர் முழுசாக இருக்க வேண்டும், இந்த ரெண்டும் இல்லாமல் சேலையில் ஏறவே ஏறாதீர்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். வேர்வை பற்றிக் கவலை என்று எழுதியிருந்தீர்கள். நாலைந்து கிலோமீட்டரை இருபத்தைந்து நிமிஷத்தில் ஓட்டினால் அவ்வளவாக வேர்க்காது, பத்து நிமிஷத்தில் ஓட்டினால்தான் வேர்க்கும். பரீட்சைத் தாள் கட்டைத் தோளில் மாட்டாமல் பின்கேரியரில் கட்டினால் முதுகு நனையாது.

குமரி மாவட்டத்தில் ரெண்டு பருவமழையும் உண்டு, அதனால் மழைக்கோட்டு ஒன்று சைக்கிளிலேயே இருக்கட்டும். குடை பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையில் ஓட்டுவதெல்லாம் வேண்டாம், மழையில் பிரேக் வழக்கமான தூரத்தில் பிடிக்காது. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுங்கள், உங்கள் பக்கம் மேடு பள்ளம் அதிகம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜங்ஷனில் மட்டும் பஸ்ஸுக்கு இடது பக்கம் நுழையாதீர்கள். அவர்கள் சட்டென்று ஓரம் கட்டுவார்கள், கண்ணாடியில் நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

கேள்வி: க.க.சாவடியிலிருந்து கஞ்சிக்கோடு கம்பெனிக்கு சைக்கிளில் போக ஆசை. ஷிப்ட் வேலை. ராத்திரி பத்து மணிக்கு மேல் திரும்ப வேண்டியிருக்கும். நல்ல லைட் வாங்கினால் போதுமா?
(வாளையாறு வழிப் பயணி)

பதில்: போதாது. பகல் ஷிப்ட் என்றால் போங்கள், ராத்திரி வேண்டாம். வாளையாறு காட்டுப் பகுதி யானைகள் நடமாடுகிற இடம், மதுக்கரைக்கும் வாளையாறுக்கும் நடுவே ரயிலில் அடிபட்டு யானைகள் செத்த செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம். அந்தத் தண்டவாளத்துக்காகவே 2024-ல் தமிழக வனத்துறை செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்து, யானை வந்தால் எச்சரிக்கை போகிற மாதிரி செய்திருக்கிறது. உங்கள் சைக்கிளுக்கு அப்படி எச்சரிக்கை தர யாரும் இல்லை. சத்தமில்லாமல் போகிற வண்டி வேறு, நீங்கள் வருவது யானைக்கும் தெரியாது. ஹைவேயில் (இப்போது 544, உங்கள் ஊரில் இன்னும் நாற்பத்தேழு என்றுதான் சொல்வார்கள்) லாரிகளை ராத்திரியில் ஓரம் கட்டி நிறுத்தியிருப்பார்கள், அவற்றைச் சுற்றிப் போக நீங்கள் நடு ரோட்டுக்கு வர வேண்டும், பின்னால் வருகிறவன் எண்பதில் வருவான். ராத்திரி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸே சரி.

பகலில் போகும்போதும் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பெடலில் ரிஃப்ளெக்டர். பெடல் ரிஃப்ளெக்டர் மேலும் கீழும் ஆடுவதால் மற்றதைவிடச் சீக்கிரம் கண்ணில் படும்.

கேள்வி: கம்பத்தில் வீடு, குமுளியில் கடை. சைக்கிள் ஒத்துவருமா?
(கம்பம் வாசகர்)

பதில்: லோயர் கேம்ப் வரைக்கும் ஒத்துவரும். அங்கே மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்குகிற ராட்சசக் குழாய்களை அண்ணாந்து பாருங்கள், நீங்கள் மிதிக்க வேண்டிய உயரம் அதுதான். தினமும் கொண்டை ஊசி வளைவுகளில், எஸ்டேட் ஜீப்புகளுக்கும் ஐயப்ப சீசன் பஸ்களுக்கும் நடுவே ஏறிப்போய்க் கடையைத் திறந்தால் வியாபாரம் பார்க்கத் தெம்பு இருக்காது. லோயர் கேம்ப்பில் சைக்கிளை விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

கேள்வி: சைக்கிளில் போனால் ஆயுள் கூடும் என்கிறார்களே, உண்மையா சார்? எனக்கு சுகர் உண்டு.
(கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பிரிட்டன்காரர்களைச் சில வருடங்கள் கவனித்தார்கள். வேலைக்கு சைக்கிளில் போகிறவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு, காரிலும் பஸ்ஸிலும் போகிறவர்களைவிட சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் சைக்கிளால்தான் குறைந்தது என்று அது நிரூபிக்கவில்லை, ஆரோக்கியமானவர்களே சைக்கிளை எடுக்கிறார்கள் என்றும் இருக்கலாம், லண்டன் ரோடு வேறு கொழிஞ்சாம்பாறை ரோடு வேறு. சுகருக்கு நல்லதுதான், அதில் சந்தேகம் வேண்டாம். மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் என்றால் வழியில் சர்க்கரை இறங்கிப் படபடப்பு வரலாம், சட்டைப்பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும், டாக்டரிடம் தூரத்தையும் நேரத்தையும் சொல்லி மருந்தளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: முள் குத்திப் பஞ்சர் ஆனால் பக்கத்தில் சைக்கிள் கடையே இல்லை. என்ன செய்வது?
(மீனாட்சிபுரம் வாசகர்)

பதில்: வழியில் ஒட்டிக்கொண்டிருக்காதீர்கள், மாற்று ட்யூப் ஒன்றும் டயர் கழற்றுகிற ரெண்டு பிளாஸ்டிக் நெம்புகோலும் சின்னப் பம்பும் பையில் இருக்கட்டும், பஞ்சரான ட்யூபை வீட்டில் வந்து ஒட்டிக்கொள்ளலாம். புது ட்யூபைப் போடும் முன் டயருக்கு உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து முள்ளை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பத்தடியில் அதுவும் போகும். கார் வால்வு மாதிரி வாய் உள்ள ட்யூபாகக் கேட்டு வாங்கினால் பெட்ரோல் பங்க்கிலேயே காற்று பிடிக்கலாம். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும், பங்க் பையனிடம் அந்த எண்ணைச் சொல்லிவிட்டுக் குழாயைக் கையில் கொடுங்கள், அவன் லாரி டயர் நினைப்பில் அமுக்கிவிடப் போகிறான்.