மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. கண்டதையும் வாங்கும் பழக்கத்தை எப்படி விட்டீர்கள்?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். இரண்டு பேர் சம்பாதிக்கிறோம், ஆடம்பரம் எதுவும் இல்லை, ஆனாலும் இருபதாம் தேதிக்கு மேல் கையைப் பிசைகிறோம், வேண்டாததை வாங்கிவிட்டு அப்புறம் மனசு அடித்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நாலு வருஷம் அப்படித்தான் இருந்தேன். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது பெங்களூர் ஸ்ரீராமபுரம். வீட்டுக்காரருக்கு பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை. நான் மல்லேஸ்வரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு சம்பளமும் சேர்ந்து 53,000 ரூபாய். இரண்டு பிள்ளைகள். ஊரில் மாமியாருக்கு மாசம் 3,000 அனுப்ப வேண்டும்.

2024 தசரா லீவுக்கு முன்னால் வீட்டு ஓனர், மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெங்களூரில் வீடு மாற்றினவர்களுக்குத் தெரியும், இந்த ஊரில் பத்து மாச வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது ரொம்ப நாள் பழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாசத்துக்கு ஒத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்த வீட்டில் பத்துக்குக் குறைய மாட்டேன் என்றுவிட்டார்கள். வாடகை 15,000, அட்வான்ஸ் 1,50,000. பழைய வீட்டில் நாங்கள் கொடுத்திருந்தது ஒரு லட்சம். பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாச வாடகை 12,000 பிடித்துக்கொண்டு 88,000 திரும்பி வந்தது. அதுவும் வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்த பிறகுதான். புது வீட்டுக்கோ முன்னாலேயே கட்ட வேண்டும். அந்தப் பத்து நாளுக்கு மச்சினர் கைமாத்து கொடுத்தார். மீதி 62,000-மும் வண்டிக் கூலி 6,000-மும் வேண்டும். பேங்க்கில் இருந்தது 9,000.

சாமான் கட்டிய நாளை என்னால் மறக்க முடியாது. பரணில் இருந்து ஒவ்வொரு பெட்டியாக இறக்கிக்கொண்டிருந்த பையன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இது புதுசா? டேப்பே பிரிக்கலையே, மேல ஏத்தி வைக்கட்டுமா கீழ வைக்கட்டுமா?" என்று கேட்டான். சப்பாத்தி மேக்கர். அதற்குப் பின்னால் காய் நறுக்குகிற மெஷின். கால் அமுக்கிவிடுகிற மெஷின், ஒரே ஒரு தடவை போட்டது. தைக்காத சுடிதார் துணி மூன்று, விலைச் சீட்டோடு. மூடி மட்டும் வேறு வேறு நிறத்தில் ஒரே மாதிரி டப்பா இரண்டு செட். என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதி, என் போனில் பழைய ஆர்டரைத் தேடி விலையும் போட்டாள். பிரிக்காததும் ஒரு தடவைக்கு மேல் தொடாததும் மட்டும் 23,460 ரூபாய். "அம்மா, இது அட்வான்ஸுல எவ்வளவு?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று மாலையே என் இரண்டு வளையலையும் அடகு வைத்தோம். மூன்று பவுன், என் அம்மா போட்டது.

அடகு விஷயத்தில் இரண்டு காரியம் சரியாகச் செய்தோம். ஒன்று, இரண்டு வளையலையும் தனித்தனி கடனாக வைத்தோம். அப்படி வைத்தால் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஒன்றை மட்டும் மீட்கலாம். ஒன்றாக வைத்துவிட்டால் முழுசும் கட்டும் வரை எதுவும் கைக்கு வராது. இன்னொன்று, தேவைக்கு மேலே 41,000 கூடுதலாக வாங்கி கிரெடிட் கார்டு பாக்கியை மொத்தமாக முடித்தோம். நகையை வைத்துக் கார்டைக் கட்டுவதா என்று என் தங்கை கோபப்பட்டாள். கணக்கைப் பாருங்கள். எங்கள் கார்டில் வட்டி மாசம் மூன்றரை சதவீதம். 41,000-க்கு 1,435 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக கிட்டத்தட்ட 1,690. நான் மாசா மாசம் கட்டியது மினிமம் டியூ, அதாவது அந்த மாசம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 2,050. அதாவது அசலில் 360 ரூபாய்தான் குறைந்தது. அதோடு பாக்கி வைத்திருக்கும் வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாள் கிடையாது, வாங்கின தேதியில் இருந்தே வட்டி ஓடும். நகைக்கடன் வட்டி எங்களுக்கு மாசம் ஒரு சதவீதம். நீங்கள் மினிமம் டியூ கட்டிக்கொண்டிருந்தால் மற்ற எதையும் விட முதலில் அதை நிறுத்த வழி பாருங்கள்.

வீடு மாறின வாரமே, ஆபீசில் செய்கிற மாதிரி மூன்று மாச ஸ்டேட்மென்டை பிரின்ட் எடுத்து உட்கார்ந்தேன். முதலில் எல்லோரும் செய்கிற மாதிரி மளிகை, துணி, பெட்ரோல் என்று பிரித்தேன். அதில் ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாமே நியாயமான செலவாகத் தெரிந்தது. அப்புறம் ஆர்டர்களை மட்டும் தனியாக எடுத்து, எத்தனை மணிக்குப் போட்டேன் என்று பக்கத்தில் எழுதினேன். மொத்தம் 71. அதில் 44 ராத்திரி ஒன்பதரைக்கு மேல்.

பாத்திரம் கழுவி, பிள்ளைகள் படுத்து, மறுநாளைக்கு இட்லி மாவை எடுத்து வைத்த பிறகு, அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கென்று இருந்தது. அந்த நேரத்தில் போனைப் பார்ப்பதுதான் எனக்கு ஓய்வு. உடம்பு அசந்திருக்கும்போது, இது இருந்தால் காலையில் வேலை சுலபமாகும் என்று காட்டுகிற எதையும் மனசு நம்பிவிடுகிறது. அந்த சப்பாத்தி மேக்கர் அப்படி வந்ததுதான். இது தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது. அதுவரைக்கும் எனக்குக் கட்டுப்பாடே கிடையாது என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: மனசோடு சண்டை போடாதீர்கள். காசு எந்த நேரத்தில், எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த வழியில் ஒரு கதவு போடுங்கள்.

நான் போட்ட முதல் கதவு போன் சார்ஜர். ஒன்பது மணிக்கு மேல் போன் சமையலறை ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கும், ரூமுக்குள் வராது. அந்த நேரத்துக்கு வேறு ஏதாவது வேண்டுமே, சும்மா விட்டால் கை தானாகத் தேடும். நான் மொட்டை மாடிக்குப் போய் பக்கத்து வீட்டு அக்காவோடு அரை மணி நேரம் பேசுகிறேன். இந்த அரை மணி நேரம் கிடைக்காத நாளில் எரிச்சல் வருகிறது, அந்த அளவுக்குப் பழகிவிட்டது.

இரண்டாவது, பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து தருகிற ஆப். ஒரு ஆர்டர் 200 ரூபாய்தானே என்று தோன்றும். நடப்பது என்னவென்றால், எனக்குத் தேவை 15 ரூபாய் கொத்தமல்லி. டெலிவரி சார்ஜ் வராமல் இருக்க 199 வரை நிரப்ப வேண்டும். ஒரு சிப்ஸ், ஒரு பிஸ்கட், ஒரு சோப்பு. ஒரே மாசத்தில் இப்படி 26 தடவை. கொத்தமல்லியை மறந்ததற்கு நான் கொடுத்த விலை அது. அந்த ஆப்பை எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சிட்டி மார்க்கெட் போய் வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளி, தேங்காய் மொத்தமாக வாங்கி வருகிறார். கீரையும் கொத்தமல்லியும் தெருவில் வருகிற தள்ளுவண்டியில். கொத்தமல்லி இல்லாத அன்றைக்கு ரசம் கொத்தமல்லி இல்லாமல்தான்.

மூன்றாவது, ஆபீஸ் விட்டு வருகிற வழி. மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்மல், நைட்டி, பிளாஸ்டிக் சாமான், பூ, எல்லாம் கையெட்டும் தூரத்தில். நான் இப்போது மார்கோசா ரோடு பக்கமாகச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போகிறேன். ஐந்து நிமிஷம் கூட ஆகும்.

யூபிஐ பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சம்பளம் வருகிற அக்கவுன்ட்டில் இருந்து யூபிஐயை எடுத்துவிட்டு, வேறொரு சேமிப்புக் கணக்கோடு மட்டும் இணைத்தேன். சனிக்கிழமைதோறும் அதற்கு 3,000 ரூபாய் மாற்றுகிறேன். காய், பழம், பிள்ளைகள் தின்பண்டம், ஆட்டோ, எல்லாம் அதற்குள். பின் நம்பர் கேட்காமலே சின்னத் தொகை போகிற யூபிஐ லைட்டை நிறுத்திவிட்டேன். பின் போடுகிற அந்த மூன்று வினாடி யோசனை எனக்கு வேண்டும். முதல் வாரம் புதன்கிழமையே பணம் தீர்ந்துபோனது. வியாழனும் வெள்ளியும் வீட்டில் இருந்த ராகி மாவும் கொள்ளும்தான். யாரும் முகம் சுளிக்கவில்லை. அடுத்த வாரம் வெள்ளி வரைக்கும் வந்தது. அப்படியே யூபிஐ ஆப்பில், மாசா மாசம் தானாகப் பணம் போகிற ஆட்டோபே பகுதியையும் திறந்து பாருங்கள். மகனுக்காக ஒரு மாசம் மட்டும் என்று சேர்ந்த ஒரு படிப்பு ஆப் 14 மாசமாக 299 பிடித்துக்கொண்டிருந்ததை நான் அங்கேதான் பார்த்தேன், அங்கேயே நிறுத்தினேன்.

கையில் நோட்டாகக் கொடுக்கும்போது வலிக்கிறது, கார்டில் வலிப்பதில்லை என்பது நம் பலவீனம் மட்டும் இல்லை. 2001-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெலெக், சிமெஸ்டர் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினார்கள். விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுக்கு மாணவர்களை ஏலம் கேட்க வைத்தபோது, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கமாகக் கட்டச் சொன்னவர்களைவிட இரண்டு மடங்கு வரை அதிகம் கேட்டார்களாம். இதைப் படித்தபோது எனக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

விற்பவர்கள் பக்கமும் தந்திரம் உண்டு. "இன்னும் 2 மட்டுமே", ஓடுகிற கடிகாரம், நாம் கேட்காமலே கூடையில் சேர்ந்திருக்கிற இன்சூரன்ஸ். இப்படி 13 வகை ஏமாற்று வேலைகளை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. அப்படி ஏதாவது பணம் பிடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். "நோ காஸ்ட் இஎம்ஐ" என்பதையும் நம்பி இறங்காதீர்கள். வட்டியைத் தள்ளுபடி என்று காட்டினாலும் அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டு, பல இடத்தில் பிராசஸிங் கட்டணமும் உண்டு. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியிருக்கிறது. என் வீட்டுக்காரர் போன் அப்படி வந்ததுதான். "உன்ன மட்டும் சொல்லி என்ன, என் பங்கும் இருக்கு" என்று அவரே சொன்னார். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் போயிருந்தால் இதில் எதையும் என்னால் செய்திருக்க முடியாது. தயவு செய்து இந்தக் கணக்கைத் தனியாகப் பார்க்காதீர்கள். ஒருத்தர் மேல் பழி விழுந்தால் அடுத்த தடவை மறைத்து வாங்கத்தான் தோன்றும்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். யாருக்கு என்ன வேண்டுமோ பொருள், விலை, தேதி எழுத வேண்டும். பதினைந்து நாள் கழித்தும் வேண்டும் என்றால் பேசுவோம். முதல் ஆறு மாசத்தில் 34 எழுதியிருந்தோம், வாங்கியது 8. அதில் ஒன்று மகனின் கிரிக்கெட் பேட். ஒவ்வொரு நாளும் தாளுக்கு முன்னால் நின்று நாள் எண்ணினான். பிள்ளைகள் எழுதியதை அவர்களைக் கேட்காமல் அடிக்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூனில் கர்நாடகத்தில் பெண்களுக்கு சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆனது. எனக்கு மாசம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பாஸ் செலவு மிச்சம். கொஞ்ச நாளில் 200 யூனிட்டுக்குள் கரன்ட் பில்லும் இல்லாமல் ஆனது. (வாடகை வீட்டுக்காரர்களுக்கும் உண்டு. வீடு மாறினால் பழைய இணைப்பில் இருந்து பெயரை எடுத்துவிட்டு புது வீட்டு இணைப்புக்கு மறுபடி பதிய வேண்டும். நாங்கள் தாமதித்ததில் இரண்டு மாச பில் முழுசாகக் கட்டினோம்.) அந்த மிச்சமெல்லாம் எங்கே போனது என்று ஒன்றரை வருஷக் கணக்கில் தேடினேன், ஒரு ரூபாய்கூடத் தென்படவில்லை. மிச்சமான பணத்துக்கு அன்றைக்கே ஒரு இடம் காட்டாவிட்டால் அது செலவோடு செலவாகக் கரைந்துவிடும். இப்போது அந்த 1,000 ஒன்றாம் தேதியே போஸ்ட் ஆபீஸ் ஆர்டிக்கு, அதாவது மாசா மாசம் கட்டுகிற சேமிப்புக்குப் போகிறது. மாசம் நூறு ரூபாயில் இருந்தே தொடங்கலாம், ஐந்து வருஷக் கணக்கு.

ஒன்றில் மட்டும் நான் இன்னும் தடுமாறுகிறேன். மொய். வைகாசி, ஆவணி வந்தால் சொந்தத்தில் நாலு பத்திரிகை வரும். ஊருக்குப் போகிற பஸ், துணி, மொய் எல்லாம் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்கு 4,000 ஆகிவிடுகிறது. நமக்குச் செய்தவர்களுக்கு நாம் செய்யாமல் இருக்க முடியாது, அதைக் குறைக்க எனக்கு மனசும் இல்லை. மாசம் 1,200 அதற்கென்று தனியாக எடுத்து வைக்கிறேன், போன வருஷம் அதுவும் பத்தவில்லை. உங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தால் கீழே எழுதுங்கள்.

வளையலில் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. இன்னொன்றுக்கு 31,000 பாக்கி.