மலைமுகட்டில் 20 பேருடன் கல்யாணம்: மாலை 4 மணி சரிப்படுமா?

4 மணியை விட்டுவிடுங்கள். காலை 8 மணிக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் சடங்கை முடித்துவிடுங்கள். 20 பேர்தானே, எழுப்பிக் கூட்டிப்போய்விடலாம்.

இரண்டு முறை இடத்தைப் பார்க்கப் போனபோதும் மூன்று மணிக்கே மேகம் சூழ்ந்து, காற்று துணிப்பந்தலைத் தூக்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, காற்று மேல்நோக்கி ஏறும். அதிலுள்ள ஈரம் உயரே குளிர்ந்து மேகமாகும். கோடையில் மலைகளில் பிற்பகல் இடிமழை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

சோதித்துப் பாருங்கள்: ஒருநாள் காலை 7 முதல் 11 வரை அதே இடத்தில் உட்காருங்கள். ஒரு குச்சியில் ரிப்பன் கட்டி நட்டுவையுங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் ரிப்பன் எத்தனை மணிக்குப் படபடக்கத் தொடங்குகிறதோ, அதுதான் உங்கள் கெடு.

வானிலையை அடிவார ஊரின் பெயரில் பார்க்காதீர்கள். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கல்யாணத்துக்கு வரும் உங்கள் பாட்டிக்குக் கம்பளி கட்டாயம். 2,600 மீட்டர் என்கிறீர்களே, அந்த உயரம் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

காலை என்பதாலேயே மழை வராது என்று சொல்ல முடியாது. இடி கேட்டால் பந்தலிலோ மரத்தடியிலோ நிற்காமல் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள்; கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வராதீர்கள். 'கிளம்பலாம்' என்று சொல்லும் பொறுப்பை நண்பர் ஒருவரிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு உங்கள் இருவருக்கும் அதைச் சொல்ல மனசு வராது.