தத்துவ உரையாடல்: கேட்டதும் சொன்னதும்

ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, காரணம் சொல்லிக் குழுவாக யோசிப்பதுதான் தத்துவ உரையாடல். அதை நடத்துவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஆசிரியை ஒருவர்: பல நாட்டுப் பிள்ளைகள் உள்ள வகுப்பு. ‘நியாயம் என்றால் என்ன?’ என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

பெரியவர்களே திறக்கமாட்டார்கள். கேள்வி கேட்டே யோசிக்க வைக்கும் சாக்ரடீஸ் முறை பற்றி 1922-இல் ஜெர்மனியில் உரையாற்றிய தத்துவ அறிஞர் லெனார்ட் நெல்சனின் வழிவந்தவர்கள், யாராவது ஒருவருக்கு நேர்ந்த சம்பவத்தில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். தனக்கு அநியாயம் நடந்ததாக நினைத்த ஒரு நாளை ஒரு பிள்ளை சொல்லட்டும். மற்றவர்கள் விவரம் கேட்கட்டும், அந்த இடத்தில் தங்களை வைத்துப் பார்க்கட்டும். பெரியவர்களை எதிர்த்துப் பேசாத வீட்டுப் பிள்ளையும், எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டு வளர்ந்த பிள்ளையும் அங்கேயே தானாக மோதுவார்கள். ‘உங்கள் நாட்டில் எப்படி?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பத்து வயதில் தூதர் வேலை எதற்கு?

மேலாளர்: குழுவில் எல்லோரும் நான் சொன்னதையே ஆமோதிக்கிறார்கள்.

நீங்கள் ஏன் சொன்னீர்கள்? வேறு ஒருவரை நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் கடைசியில் பேசுங்கள்.

பயிற்சியாளர்: காது கேளாத ஒருவரும், படப்பலகையைச் சுட்டிப் பேசும் ஒருவரும் இருக்கிறார்கள்.

நல்ல கேள்வி. சைகை மொழிபெயர்ப்பு சில நொடிகள் பின்னால்தான் வரும். கேட்டவுடனே கை தூக்கச் சொன்னால் காது கேட்பவர்களே முந்துவார்கள். எனவே ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு எல்லோரும் சற்று நேரம் சும்மா இருக்க வேண்டும். அப்புறம் பலகையைப் பாருங்கள்: ‘பசி’, ‘தண்ணீர்’ இருக்கும், ‘ஏன்?’, ‘எனக்கு உடன்பாடில்லை’ இருக்கிறதா? இல்லாவிட்டால் மறுக்க அவருக்கு வழியே இல்லை. துணைக்கு வந்தவர் அவர் வாக்கியத்தை முடித்துவைக்கவும் கூடாது.

பெற்றோர்: மதிப்பெண் கூடுமா?

இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் பிள்ளைகளுடன் இப்படி உரையாடிப் பார்த்து 2015-இல் வெளியான ஆய்வில் வாசிப்பும் கணிதமும் சற்று முன்னேறின. 2021-இல் வந்த பெரிய ஆய்வில் வாசிப்பில் பலன் தெரியவில்லை. மதிப்பெண்ணை நம்பி இறங்காதீர்கள்.

அதே பெற்றோர்: பிறகு எதற்கு இந்த நேர விரயம்?

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மாத்யூ லிப்மன் 1974-இல் நியூ ஜெர்சியில் இதற்கென மையம் தொடங்கியது பிள்ளைகளுக்கு யோசிக்கப் பழக்கத்தான்.

தலைமையாசிரியர்: அவர் கேட்பது சரிதானே? யோசனை வளர்ந்தால் எங்காவது தெரிய வேண்டாமா?

தெரியும், தேர்வுத்தாளில் தேடினால் கிடைக்காது. பருவத் தொடக்கத்தில் ஒரு உரையாடலையும் இறுதியில் ஒன்றையும் பதிவு செய்யுங்கள். எத்தனை பேர் காரணம் சொன்னார்கள், எத்தனை பேர் அடுத்தவர் சொன்னதைப் பிடித்துப் பேசினார்கள், வாத்தியார் எவ்வளவு பேசினார் என்று எண்ணுங்கள். மூன்றாவது எண் குறையாவிட்டால் மற்ற இரண்டும் நகராது.

துறைத்தலைவர்: நான் பேசியதும் கூட்டம் அடங்கிவிடுகிறது...

மேலாளருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

இன்னொருவர்: எங்கள் இயக்குநர் பேசினால்...

மேலே இருக்கிறது ஐயா.

மாணவர்: மனச்சோர்வுக்கு உதவுமா?

இது சிகிச்சை இல்லை. மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

கடைசியாக ஒருவர்: உடன்பாடு வராவிட்டால் வாக்கெடுப்பு வைக்கலாமா?

வேண்டாம். எங்கே பிரிந்தீர்கள் என்பதை இரண்டு வாக்கியமாகக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கலையுங்கள்.