சிங்கூரில் யாரைக் கேட்டார்கள்?

கேள்வி: விவசாயத்தையே கட்டிக்கொண்டு அழுகிற மாநிலம் எப்படி முன்னேறும்? மேற்கு வங்கத்தைப் பாருங்கள். தேடி வந்த கார் தொழிற்சாலையை சிங்கூர் விவசாயிகள் விரட்டிவிட்டார்கள். இன்று அந்த மாநிலத்துப் பையன்கள் பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் ரயிலேறுகிறார்கள். அந்தப் பிடிவாதத்துக்கு இன்னும் வக்காலத்து வாங்கப் போகிறீர்களா?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வாங்கத்தான் போகிறேன். ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மேற்கு வங்கத்துக்குத் தொழிற்சாலைகள் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே ஒரு சதுர கிலோமீட்டரில் 1,028 பேர் வாழ்கிறார்கள். ஒரு குடும்பத்தின் சராசரி நிலம் ஒரு ஹெக்டேர்கூட வராது. அதையும் பிள்ளைகள் பங்கு பிரித்தால் வரப்புதான் மிஞ்சும். 2006 சட்டமன்றத் தேர்தலில் இதைத்தான் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா ஊர் ஊராகச் சொன்னார். விவசாயம் நம் அடித்தளம், தொழில் நம் எதிர்காலம் என்பது அவர்கள் முழக்கம். அவருடைய இடது முன்னணிக்கு 294-ல் 235 இடங்கள் கிடைத்தன. கிராமத்து ஓட்டு இல்லாமல் இத்தனை இடம் வருமா? தொழில் வேண்டாம் என்று அந்த மாநிலத்து விவசாயி சொல்லவில்லை ஐயா.

இன்னொன்று. வங்கத்தை வெறும் விவசாய மாநிலம் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். இந்தியாவின் முதல் சணல் ஆலை 1855-ல் ரிஷ்ராவில் தொடங்கியது. ரிஷ்ரா இருப்பது ஹூக்ளி மாவட்டத்தில். சிங்கூர் இருப்பதும் அதே மாவட்டம்தான். தேசப் பிரிவினையில் சணல் விளையும் வயல்களில் பெரும்பகுதி எல்லைக்கு அந்தப் பக்கம் போனது, ஆலைகள் இந்தப் பக்கம் நின்றன. அப்புறம் மத்திய அரசு சரக்குக் கட்டணத்தைச் சமன்படுத்தி, எஃகு நாடு முழுவதும் ஒரே விலைக்குக் கிடைக்கும்படி செய்தது. சுரங்கத்துக்கு அருகில் இருக்கும் லாபம் கிழக்கு மாநிலங்களுக்கு இல்லாமல் போயிற்று. அந்த ஏற்பாடு நீக்கப்பட 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொழிற்சங்கத் தகராறுகளும் கதவடைப்புகளும் தம் பங்குக்குச் சேர்ந்தன, அதையும் மறைக்க வேண்டாம். ஆக, ஆலைகளை இழந்த பிறகு மறுபடி விவசாயத்தை இறுகப் பிடித்துக்கொண்ட மாநிலம் அது.

பிடித்துக்கொள்ளும் அளவுக்கு விவசாயத்தில் என்ன இருந்தது? 1978-ல் இடது முன்னணி அரசு தொடங்கிய ஆபரேஷன் பர்கா. மற்றவர் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுபவரை அங்கே பர்கதார் என்பார்கள். அதுவரை பர்கதாருக்கு எழுத்தில் எதுவும் கிடையாது. நிலக்காரர் போ என்றால் போக வேண்டியதுதான். அதிகாரிகள் கிராமங்களுக்குப் போய் முகாம் போட்டு, உழுபவர்களை உட்காரவைத்துப் பேசி, இந்த வயலை உழுவது யார் என்று கேட்டுப் பெயரைப் பதிந்தார்கள். முதல் முகாம் ஹலுசாய் என்ற ஊரில் நடந்தது. அதுவும் ஹூக்ளி மாவட்டம்தான். பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பர்கதார்கள் பதிவேட்டில் ஏறினார்கள். பெயர் ஏறியவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. விதை, உரம், மாடு எல்லாம் அவருடையது என்றால் விளைச்சலில் முக்கால் பங்கு அவருக்கு. இந்திய நிலச் சீர்திருத்தத்தில் இதைவிட உருப்படியாக நடந்த வேலைகள் வெகு சிலவே என்பது என் எண்ணம்.

இதே மாவட்டத்தில், இதே முன்னணி, 2006-ல் செய்ததைப் பாருங்கள். மே 18 அன்று புத்ததேவ் மறுபடி முதல்வராகப் பதவியேற்றார். சிங்கூரில் டாடாவின் சிறிய கார் தொழிற்சாலை வரும் என்ற அறிவிப்பும் அன்றே வந்தது. வேண்டிய நிலம் 997 ஏக்கர். துர்காபூர் விரைவுச் சாலையை ஒட்டிய இடம், கொல்கத்தாவும் பக்கம். நெல்லும் உருளைக்கிழங்கும் சணலும் காய்கறியும் மாறி மாறி விளையும் மண். உழுபவர்களிடம் பேசிப் பெயர் எழுதிய அரசு, இந்த முறை 1894-ஆம் ஆண்டின் வெள்ளைக்காரர் காலத்து நிலம் கையகப்படுத்தல் சட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தது. அந்தச் சட்டத்தில் நில உரிமையாளரின் சம்மதத்துக்கு இடமே இல்லை. ஆட்சேபம் சொல்லலாம், அவ்வளவுதான்.

இழப்பீட்டுக் கணக்குக்கு வாருங்கள். விலை நிலப் பதிவேட்டை வைத்து முடிவானது. பாசனம் வந்து இரண்டு மூன்று போகம் விளையத் தொடங்கிய பிறகும் பழைய பதிவேட்டில் ஒருபோகம் என்றே கிடந்த வயல்கள் உண்டு. அவற்றுக்கு ஒருபோக விலைதான். பதிவான பர்கதாருக்கு நில விலையில் கால் பங்கு. முக்கால் பங்கு விளைச்சலுக்கு உரிமை உள்ளவருக்குக் கால் பங்கு விலை! பெயர் பதியாத பர்கதாருக்கு ஒன்றும் இல்லை. கூலிக்கு நடவும் அறுவடையும் செய்தவர்களும் அந்தக் கணக்கில் இல்லை. வெளியூரில் வேலை பார்க்கும் நிலக்காரர் காசோலையை வாங்கிக்கொள்வதில் சிரமம் இல்லை. நீங்கள் பிடிவாதம் என்கிறீர்களே, அது அந்த வயலை நம்பியே வீட்டில் உலை வைத்தவர்களுடையது. சுமார் 400 ஏக்கருக்கு உரியவர்கள் பணத்தை வாங்க மறுத்தார்கள்.

அதற்குள் அதே மாநிலத்து நந்திகிராமும் சேர்ந்துகொண்டது. ரசாயனத் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று எழுந்த எதிர்ப்பில், 2007 மார்ச் 14 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு இறந்தவர்களாக எண்ணப்பட்டவர்கள் பதினான்கு பேர். இதற்கு மேல் அதைப் பற்றி என்னால் நிதானமாக எழுத முடியாது.

2008 அக்டோபர் 3 அன்று சிங்கூரை விட்டுப் போவதாக ரத்தன் டாடா அறிவித்தார். தொழிற்சாலை குஜராத்தில் சானந்துக்குப் போனது. குஜராத் விவசாயி வரவேற்றார், வங்க விவசாயி விரட்டினார் என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். சானந்தில் கொடுத்த சுமார் 1,100 ஏக்கர் யாருடையது தெரியுமா? ஆனந்த் வேளாண் பல்கலைக்கழகத்தின் வசம் இருந்த அரசு நிலம். அந்தத் தொழிற்சாலைக்காக ஆயிரம் குடும்பங்களின் வயலை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டையும் ஒப்பிட்டு வங்க விவசாயிக்குப் புத்தி சொல்வது நியாயமே இல்லை.

உச்ச நீதிமன்றம் 2016 ஆகஸ்ட் 31 அன்று சிங்கூர் கையகப்படுத்தலை ரத்து செய்தது. இது பொதுநோக்கமா இல்லையா என்பதில் நீதிபதிகள் கோபால கவுடாவும் அருண் மிஸ்ராவும் வேறுபட்டார்கள். விவசாயிகளின் ஆட்சேபங்களை முறையாக விசாரிக்கவில்லை என்பதில் ஒன்றுபட்டார்கள். நிலத்தைப் பன்னிரண்டு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும், வாங்கிய இழப்பீட்டைத் திருப்பித் தரவேண்டியதில்லை என்றார்கள். சரி, நிலம் வந்தது. ஆனால் பத்து வருடம் மண் கொட்டி மேடாக்கி, கான்கிரீட் போட்ட இடத்தில் பழைய வயல் எங்கே இருக்கும்? வரப்பைக் காணோம், வாய்க்காலைக் காணோம். இன்னும் சரியாகப் பயிர் ஏறாத பகுதிகள் அங்கே உண்டு. தன் முதலீட்டு நஷ்டத்துக்காக வழக்காடிய டாடா நிறுவனத்துக்கு, மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் 765.78 கோடி ரூபாயும் வட்டியும் தரவேண்டும் என்று 2023-ல் நடுவர் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு நாட்டுக்குக் கிடைத்தது 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம். தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுப்பதென்றால் நிலத்தை இழக்கும் உரிமையாளர் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும். பல வருடங்களாக அந்த நிலத்தில் உழைத்துப் பிழைக்கும் குத்தகைக்காரரையும் வாரத்துக்கு உழுபவரையும் கூலிக்காரரையும் பாதிக்கப்படும் குடும்பமாக அது எண்ணுகிறது. சிங்கூர்க்காரர்கள் பிடிவாதம் பிடிக்காமல் இருந்தால் இந்தச் சட்டம் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 

ஈரோட்டிலிருந்து திருப்பூர் ஒன்றும் தூரம் இல்லை. அடுத்த முறை போகும்போது, நீங்கள் சொன்ன அந்தப் பையன்களில் ஒருவரிடம் நின்று பேசுங்கள். அப்பா எத்தனை பிகா (அங்கத்து நில அளவு) உழுதார், அந்த நிலம் யார் பெயரில் இருந்தது என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அதையும் இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.